சிவப்புச் சாயம் போட்ட முடியை வீட்டிலேயே பளிச்சென்று வைத்திருப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "மூன்று வாரத்துக்கு முன்பு வீட்டிலேயே முடிக்குப் பளிச்சென்ற சிவப்புச் சாயம் போட்டேன். தினமும் தலைக்குக் குளிப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. இப்போது நுனியெல்லாம் செங்கல் நிறம், வேரில் கறுப்பு எட்டிப் பார்க்கிறது. அதே சாயத்தை முடி முழுக்க இன்னொரு முறை போட்டுவிடலாமா?"

முடி முழுக்கப் போட வேண்டாம். வேருக்கு மட்டும் போடுங்கள். மீதி நீளத்துக்கு வேறு வழி இருக்கிறது, அதை விளக்கமாகச் சொல்கிறேன். பல வருடங்களாக என் முடியைச் சிவப்பாகவே வைத்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் போட்டு விட்டிருக்கிறேன். சிவப்பை ஒரு முறை போட்டுவிட்டால் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் எல்லோருக்கும் ஏமாற்றம் வருகிறது. அது ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் போகும். போவதைக் குறைக்க வேண்டும், போன அளவுக்கு அவ்வப்போது திரும்ப ஏற்ற வேண்டும். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் போதும்.

முதலில், சிவப்பு ஏன் இப்படி ஓடுகிறது? முடியின் மேல்புறம் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய படலம். கியூட்டிகிள் என்பார்கள். அதற்குள்ளே கார்டெக்ஸ். நம் இயற்கை நிறமான மெலனின் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பாட்டிலைக் கலந்து போடும் பெர்மனென்ட் சாயத்தில் அமோனியாவோ அது போன்ற வேறு காரப் பொருளோ முடியை உப்ப வைக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு மெலனினைக் கொஞ்சம் வெளுக்கிறது. அதே நேரத்தில் நிறமே இல்லாத சின்ன மூலக்கூறுகள் உள்ளே போய், அங்கே ஒன்றோடொன்று சேர்ந்து நிறமாக மாறுகின்றன. கறுப்பு, பழுப்புச் சாயங்களில் இப்படிச் சேர்ந்து உருவாகும் மூலக்கூறு பெரியது; உள்ளே நன்றாக மாட்டிக்கொள்ளும். சிவப்பில் உருவாவது பெரும்பாலும் அதைவிடச் சின்னது. முடி ஈரத்தில் உப்பும்போதெல்லாம் அது வெளியே நழுவிவிடுகிறது.

கலக்கத் தேவையில்லாமல் டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூசும் செமி பெர்மனென்ட் சாயம் வேறு வகை. அதில் நிறம் முன்பே தயாராக இருக்கும், பெராக்சைடு இருக்காது. முடியின் மேற்பரப்பிலும் அதற்குச் சற்று உள்ளேயும் ஒட்டி நிற்கும். ப்ளீச் செய்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம்; இந்தச் சாயங்கள் பலவற்றில் நேர்மின்னூட்டம். அதனால் ப்ளீச் செய்த முடியில் பார்க்கவே கண்ணைப் பறிக்கும் சிவப்பு வரும். ஆனால் அதே ப்ளீச் முடியைப் பஞ்சு மாதிரி ஆக்கியும் விடுகிறது. சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் விட்டும்விடும். உங்கள் நுனி மட்டும் முதலில் மங்கியதற்கு இதுவே காரணம். நுனிதான் முடியில் மிகப் பழைய பகுதி. எத்தனையோ முறை கழுவி, சீவி, காய வைத்து, அதன் மேல் செதில்கள் தேய்ந்திருக்கும்.

சரி, போவதைக் குறைப்பது எப்படி? எல்லோரும் ஷாம்பு பாட்டிலைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு வாங்கினால் போதும் என்பார்கள். நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் சாயத்தைக் கரைப்பதில் பெரிய பங்கு தண்ணீருக்கே இருக்கிறது. நனைந்த முடி கிட்டத்தட்ட 15 சதவீதம் பருத்துவிடும். அந்த உப்பலில் செதில்கள் விரிந்து சாயம் கசியும். எனவே எந்த ஷாம்பு என்பதைவிட, வாரத்தில் எத்தனை முறை முடி நனைகிறது என்பதே முக்கியம். தினமும் தலைக்குக் குளிக்கும் நீங்கள் வாரம் இரண்டு முறைக்கு வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாம்புவும் செய்யாததை அந்த ஒரு மாற்றம் செய்யும். முதல் இரண்டு வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். உச்சந்தலை பிசுபிசுக்கும் நாளில் வேரில் மட்டும் ட்ரை ஷாம்பு தூவிச் சீவிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் முடியை உயர்த்திக் கட்டி, ஷவர் தொப்பி போட்டுக்கொண்டு உடம்புக்கு மட்டும் குளியுங்கள். தினமும் உடற்பயிற்சி செய்து வியர்ப்பவராக இருந்தால், வேர்ப்பகுதியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குளிர்க்காற்றில் காய வைத்தாலே பல நாட்கள் சமாளிக்கலாம்.

தலைக்குக் குளிக்கும் நாளிலும் ஒரு முறை இருக்கிறது. ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, உச்சந்தலையில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். அழுக்கும் எண்ணெயும் சேருவது அங்கேதான். நீளத்தைத் தனியாகத் தேய்க்கவே வேண்டாம். அலசும்போது வழிந்து இறங்கும் நுரை அதற்குப் போதும். முடியைத் தலைமேல் குவித்து வைத்துத் துணி துவைப்பது மாதிரி கசக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சுடுதண்ணீரில் சாயம் வேகமாகக் கரையும் என்பது உண்மை. ஆனால் பனிக்கட்டித் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளித்தால் செதில்கள் பட்டென்று மூடிக்கொள்ளும் என்பது உண்மையில்லை. செதில்களைப் படிய வைப்பது கண்டிஷனர். அதில் இருக்கும் லேசான அமிலத்தன்மையும், முடிமேல் படியும் வழவழப்பான பொருள்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் கண்டிஷனரை ஒரு முறைகூடத் தவிர்க்காதீர்கள். அலசிய பிறகு துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

ஷாம்பு பாட்டிலில் எதைப் பார்ப்பது? முதல் சில பொருள்களில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் தவிர்க்கலாம். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், டெசைல் குளுக்கோசைடு, கோகமிடோபுரொபைல் பீட்டைன் போன்றவை மென்மையானவை. பொடுகு ஷாம்பு, படிவுகளை ஆழமாகக் கழுவி எடுக்கும் க்ளாரிஃபையிங் ஷாம்பு, சோப்புக்கட்டி, சமையல் சோடா ஆகியவற்றைச் சிவப்பு முடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சோப்பும் சோடாவும் காரம், செதில்களை எழுப்பிவிடும். பொடுகுக்கு மருந்து ஷாம்பு தேவைப்பட்டால் அதை விட்டுவிடச் சொல்லவில்லை, தலையின் தோல்தான் முக்கியம். தோலில் மட்டும் படும்படி போட்டு, நீளத்தில் முன்பே கண்டிஷனரைப் பூசி மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தடவுபவர்கள் அடிக்கடி கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெயை நீளத்தில் லேசாகத் தடவினால், அது முடிக்குள் இறங்கி முடி தண்ணீரில் உப்புவதைக் குறைக்கும். ஆனால் தலை நிறைய வைத்துவிட்டு, அதை எடுக்க மூன்று முறை ஷாம்பு போட்டால் எண்ணெய் காப்பாற்றியதை ஷாம்பு பறித்துவிடும். நாலு சொட்டு, நீளத்தில் மட்டும். எடுப்பதற்கு முதலில் கண்டிஷனரைப் பூசிக் கலக்கி அலசுங்கள், பாதி எண்ணெய் அதிலேயே வந்துவிடும்.

இனி, போனதைத் திரும்ப ஏற்றுவது. சிவப்பு முடியைப் பராமரிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. உங்கள் செங்கல் நிற நுனிக்கும் இதுதான் மருந்து.

பெராக்சைடு இல்லாத சிவப்பு செமி பெர்மனென்ட் சாயம் ஒன்றும், வெள்ளை நிறத்தில் இருக்கும் சாதாரணக் கண்டிஷனர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு சாயத்துக்கு மூன்று பங்கு கண்டிஷனர் என்று தொடங்கலாம். கலவையைப் பார்த்தால் நீங்கள் விரும்பும் முடி நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரிய வேண்டும். ரோஜா நிறத்தில் இருந்தால் இன்னும் சாயம் சேருங்கள். ஒரு முறை கலந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் சில வாரங்களுக்கு வரும். வாரம் ஒரு முறை ஷாம்பு போட்டு அலசியபின், தண்ணீர் சொட்டாத அளவுக்கு ஒற்றி எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு இந்தக் கலவையை நீளத்தில் பூசுங்கள். மங்கிய நுனியில் தாராளமாக. அகலப்பல் சீப்பால் ஒரு முறை சீவி, 15 நிமிடம் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். மறுபடி ஷாம்பு வேண்டாம். அலசும்போது சிவப்பாக ஓடத்தான் செய்யும், பயப்படாதீர்கள். முடியில் ஏறாத மிச்சம் அது.

முதல் முறை செய்யும்போது பின்பக்கத்தில் மறைவாக இருக்கும் ஒரு கற்றையில் மட்டும் பூசிப் பாருங்கள். சிவப்பு என்று ஒரே பெயரில் விற்றாலும் ஒன்று ஆரஞ்சுப் பக்கம் சாயும், இன்னொன்று ஊதாப் பக்கம் சாயும். தீப்பிழம்பு மாதிரி சூடான சிவப்பு வைத்திருப்பவர் செர்ரி நிறக் கலவையைப் பூசினால் இரண்டும் ஒட்டாமல் மந்தமாகத் தெரியும். உங்கள் நுனி செங்கல் நிறத்துக்கு வந்திருப்பதால் அடியில் ஆரஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். ஆரஞ்சுக்கோ ஊதாவுக்கோ சாயாத நடுவாந்திரச் சிவப்பு அதன் மேல் அழகாக உட்காரும். கறுப்பு முடியை வெளுக்கும்போது முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்றுதான் வரும். பளிச்சென்ற சிவப்புக்காக வெளிர் மஞ்சள் வரை வெளுக்க வேண்டியதே இல்லை, ஆரஞ்சிலேயே நிறுத்திவிடலாம். முடிக்குச் சேதமும் குறைவு, மங்கும்போதும் இளஞ்சிவப்பாகப் போகாமல் செம்பு நிறமாக அழகாகவே மங்கும். அளவுக்கு மீறி ப்ளீச் செய்துவிட்டு முடி ரப்பர் மாதிரி இழுபடுகிறதே என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கலவை வேண்டாம், கடையில் தயாராகக் கிடைக்கும் நிறம் ஏற்றும் கண்டிஷனரோ மாஸ்கோ போதும் என்றால் அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஊதா ஷாம்பு, நீல ஷாம்பு இரண்டையும் தொடாதீர்கள். மஞ்சளையும் ஆரஞ்சையும் அடக்குவதற்காகச் செய்தவை அவை. பொன்னிற முடிக்கும் பழுப்பு முடிக்கும் அவை சரி. சிவப்பில் இருக்கும் சூட்டையும் சேர்த்து அடக்கிவிடும்.

வேரில் எட்டிப் பார்க்கும் கறுப்புக்கு இந்தக் கலவை உதவாது. சாயம் மட்டும் இருந்தால் கறுப்பின் மேல் தெரியாது. அதை முதலில் கொஞ்சம் வெளுக்க வேண்டும். அதற்குத்தான் பெராக்சைடு உள்ள சாயம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை வேருக்குப் போட்டால் சரியாக இருக்கும். நீங்கள் மூன்று வாரத்தில் இருக்கிறீர்கள், இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். வகிடை மாற்றி எடுத்தால் பாதி மறையும்.

வேருக்குப் போடும்போது புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் பிரஷ்ஷால் பூசுங்கள், ஏற்கெனவே சிவப்பாக இருக்கும் இடத்தின் மேல் ஏறக் கூடாது. நுனி வரை இழுத்தால் என்ன ஆகும்? பழைய சாயத்தின் மேல் புதுச் சாயம் ஒவ்வொரு முறையும் குவியும், நாலைந்து மாதத்தில் நுனி கறுஞ்சிவப்பாக இருண்டு, வேர் மட்டும் தீப்பற்றிய மாதிரி தனியாகத் தெரியும். பெராக்சைடு திரும்பத் திரும்பப் பட்டு முடி இன்னும் ஓட்டையாகும், அப்புறம் எந்தச் சாயமும் நிற்காது. உங்கள் கேள்விக்கு எடுத்தவுடன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். "கறுத்துவிட்டது, மேலே வெளிர் சிவப்பு போட்டால் சரியாகுமா" என்றும் கேட்பார்கள். ஆகாது. சாயம் சாயத்தை வெளுக்காது.

தலையின் சூடு வேர்ப்பகுதியில் சாயத்தை வேகப்படுத்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு பாட்டிலைத்தான் டெவலப்பர் என்பார்கள்; 12 சதவீத டெவலப்பர் வேண்டாம். வேருக்கு 6 சதவீதம், அதாவது 20 வால்யூம், பெரும்பாலும் போதும். முடி மிகவும் கறுப்பாக இருந்து சாயத்தின் குறிப்பிலேயே 9 சதவீதம் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றலாம். முந்தைய முறை எந்தச் சாயம், எந்த டெவலப்பர், எத்தனை நிமிடம் என்பதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேரும் நீளமும் ஒரே நிறத்தில் வரும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் கலக்குங்கள், உலோகம் வேண்டாம். டெவலப்பர் கலந்த மிச்சத்தை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும்.

எத்தனை முறை போட்டுப் பழகியிருந்தாலும் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்பு தோலில் சோதித்துப் பாருங்கள். பெர்மனென்ட் சாயங்கள் பலவற்றில் பாராஃபினைலின்டையமின் அல்லது அதன் உறவுப் பொருள்கள் இருக்கும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒவ்வாமை கிளம்பலாம். கறுப்பு மருதாணி என்று தோலில் வரையும் தற்காலிக டாட்டூவில் அதே பொருளைக் கலப்பது உண்டு, அதனால் முன்பு அது போட்டு அரித்தவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தலை அரித்துச் சிவந்தால் உடனே கழுவிவிடுங்கள். முகமோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு முட்டினால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயிலும் சூடும் சிவப்புக்கு ஆகாது. புற ஊதாக் கதிர் சாயத்தின் மூலக்கூறையே உடைத்துவிடும். நெடுநேரம் வெளியில் இருக்கும் நாளில் தொப்பியோ துணியோ போட்டு மூடுங்கள். ஸ்ட்ரெய்ட்னரை 180 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம், ஈர முடியில் வைக்கவே வேண்டாம். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துக் கண்டிஷனர் பூசிக்கொண்டு இறங்குங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும்.

வீட்டில் வருவது உப்புத் தண்ணீராக இருந்தால், நிறம் போகாமலேயே போனது மாதிரி தெரியும். கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் முடிமேல் படிந்து பளபளப்பை மறைக்கும். அதற்கு, இந்தப் படிவுகளைப் பிடித்து இழுத்துவரும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் உள்ள ஷாம்புவை மாதம் ஒரு முறை, நிறம் ஏற்றப்போகும் அதே நாளில், ஏற்றுவதற்கு முன்பு போடுங்கள். எப்படியும் நிறம் ஏற்றப்போகிறோம், அதனால் அந்த ஷாம்பு கொஞ்சம் எடுத்தாலும் இழப்பில்லை, சுத்தமான முடியில் புது நிறமும் நன்றாகப் பிடிக்கும்.

வினிகரையும் உப்பையும் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். துணிச் சாயத்தில் அவற்றுக்கு வேலை உண்டு, முடியில் அவை சாயத்தைப் பூட்டாது. வினிகரை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் முடி கொஞ்சம் வழவழப்பாகும், அவ்வளவுதான். நல்ல கண்டிஷனர் அதையே இன்னும் நன்றாகச் செய்யும்.

கறை பற்றி: நிறம் ஏற்றுவதற்கு முன் நெற்றி ஓரத்திலும் காதிலும் கழுத்திலும் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். சிவப்புக்கென்று அடர் நிறத் துண்டு ஒன்று, தலையணை உறை ஒன்று ஒதுக்கிவிடுங்கள். ஈர முடியோடு படுத்தால் உறை கெடும், நிறமும் போகும். குளியலறைச் சுவரில் தெறித்ததை அப்போதே துடைத்தால் ஒரு துணி போதும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நெடுநேரம் தேய்க்க வேண்டியிருக்கும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது: கலவையைத் தயார் செய்து, மறைவான கற்றையில் பார்த்துவிட்டு, அடுத்த தலைக்குளியலில் நீளத்துக்குப் பூசுங்கள். நுனி மிகவும் மங்கியிருப்பதால் இந்த முதல் முறை மட்டும் 30 நிமிடம் வைக்கலாம், பெராக்சைடு இல்லாததால் சேதம் வராது. அடுத்த நாலு நாள் முடியை நனைக்காதீர்கள். அதற்கப்புறம் குளித்துப் பார்க்கும்போது நுனி ஏறிய நிறத்தை வைத்திருந்தால், வாரம் ஒரு முறை 15 நிமிடம் என்று தொடரலாம். ஒரே குளியலில் மறுபடி செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் அந்த நுனியில் சாயத்தைப் பிடித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மூன்று செ.மீ. வெட்டிவிடுங்கள். அதற்கு மேலே இருக்கும் முடியில் இதே கலவை நன்றாக நிற்கும்.